காரணம் என்ற கட்டம்

ஸ்கோர் ஏட்டின் அடியில்
இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம்:
தாமதத்துக்குக் காரணம்.
பத்தொன்பது வருசமாய் நிரப்பி வருகிறேன்.
மழை என்றால் இரண்டே எழுத்து, இடம் மிஞ்சும்.
வெளிச்சக் குறைவு என்றால் கோட்டை முட்டும்.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வந்து
ஸ்டம்பின் மேல் பெயில்ஸை நிற்கவிடாமல் தள்ளிய நாளில்
காற்று என்று எழுதினேன்.
காற்றெல்லாம் ஒரு காரணமா என்று
ஏடு திரும்பி வந்தது.
அவர்கள் பல்லடத்துக்கு ஒருமுறையும் வந்ததில்லை போல.

ஒருமுறை தேனீக்கள்.
நடுவர் இருவரையும் சேர்த்து
பதினைந்து பேர் குப்புறக் கிடந்தார்கள்.
சூலூர் விமானம் தலையை உரசிப் போகும்போது
பேட்ஸ்மேன் ஒதுங்கி நிற்கும் அரை நிமிடம்
எந்தக் கணக்கிலும் வராது.

இன்றைக்கு வெள்ளகோவில் பக்கத்து மில் மைதானம்.
ஆட்டம் இரண்டரைக்கு.
வானம் அலசிக் காயப்போட்ட மாதிரி இருந்தது.
மழை நேற்று ராத்திரியே பெய்து தீர்ந்துவிட்டது.
ஆனாலும் பந்து பையை விட்டு வெளியே வரவில்லை.

ஆரோக்கியதாஸ் மண்டியிட்டுப் பிட்சை முகர்ந்தார்.
நடுவர் பிட்சை முகர்ந்து நான் பார்த்ததில்லை.
"என்னப்பா இது, எண்ணெய் வாசம்?"
மைதானக்கார ரங்கராசு
தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி சொன்னான்:
"படுதா மூணுங்க. ஒண்ணு செயலாளர் களத்துல
கொப்பரைக்கு மேல கெடந்துதுங்க.
மழ வருதுன்னு நடுச்சாமத்துல உருவியாந்து போட்டனுங்க."

ஆக, குட் லெங்க்த் இருக்கும் இடத்தில்
கட்டெறும்பு, கைப்பிடி கைப்பிடியாய்.
பொடி தூவினால் பந்து வெளுத்துப் போகும்.
மரத்தூளைக் கொட்டினார்கள், அதன்மேல் ஏறி நடந்தன.
கடைசியில் ரங்கராசுதான் கொப்பரைச் சில்லுகளை
எல்லைக் கோடுவரை சாணுக்கு ஒன்றாய் வைத்துக்கொண்டே போனான்.
எறும்புகள் வரிசை கட்டிப் புறப்பட்டன.
இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள்,
தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள்,
இடுப்பில் கைவைத்து அதை வழியனுப்பி நின்றார்கள்.

என் பந்தலின் ஓரத்தில் ஒருவர் நின்றிருந்தார்.
தறிச்சத்தத்தில் பழகிய காது, பேச்சும் சத்தமாகத்தான் வந்தது.
சோமனூருங்க, பேர் திருமூர்த்திங்க.
கையில் பிளாஸ்டிக் கவர், அதில் ஒரு சீப்புப் பழம்.
பந்து போடுகிற ஹரிபாஸ்கர் அவர் பையன்.
"டிவியில காட்டுவாங்கன்னாங்க, நேர்லயே பார்த்துறலாம்னு வந்தனுங்க.
எப்பங்க ஆரம்பிக்கும்?"
இப்ப ஆயிருங்க என்றேன்.
மூன்று மணிக்கும் அதையே சொன்னேன்.
மூன்றே முக்காலுக்கு அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

எட்டு மணிக்கு ராத்திரி ஷிப்ட்.
நாலேகாலுக்கு பஸ்.
பழத்தை என் மேசைமேல் வைத்தார்,
பவுண்டரியில் கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்த பையனை
ஒரு தடவை பார்த்தார்.
அவன் பார்க்கவில்லை. கூப்பிடட்டுமா என்றேன்.
"வேண்டாங்க, கவனம் செதறும்."

முதல் பந்து நாலு இருபத்தைந்துக்கு.
ஹரிபாஸ்கரின் முதல் ஓவர், நான்காவது பந்து.
லெக் ஸ்டம்ப் மூன்று குட்டிக்கரணம் போட்டு
விக்கெட் கீப்பர் காலடியில் படுத்தது.
பஸ் அந்நேரம் ஓலப்பாளையத்தைத்தான் தொட்டிருக்கும்.
கட்டத்துக்குள் விக்கெட்டுக்கான குறியைப் போட்டேன்.
அதில் எந்தக் கோளாறும் இல்லை.

ஆட்டம் முடிந்து செயலாளர் வந்தார்.
"ஈரம்னு போட்ருங்கொ, ஒரே வார்த்தையில முடிஞ்சுரும்."
எண்ணெயும் ஈரம்தானே, பொய் இல்லை.

பேனாவைத் திறந்தேன்.
எங்கிருந்தோ ஒரு கட்டெறும்பு
பழச் சீப்பிலிருந்து இறங்கி
ஏட்டின் மேல் வந்தது.
ஊதித் தள்ளியிருக்கலாம்.
அது கட்டத்துக்குள் நுழைந்து, ஒரு மூலையில் நின்று,
யோசித்து, மறுபக்கம் இறங்கும்வரை
பேனாவை உயர்த்திப் பிடித்தபடி இருந்தேன்.

"என்னங்க தாமதம்?" என்றார் செயலாளர்.